பட்டன் உள்ளே படுப்பதில்லை

டில்லர் பே, வாஷிங்டன் மாநிலம்
ஜூன் 9, 1977

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

உன் தங்கை ஓப்பல் எழுதுவது. நானும் டெல்பர்ட்டும் நாய் பட்டனும் நலம். நீயும் உன் கோழிகளும் உன் இடது முழங்காலும் நலமா? போனில் பேசினால் சுருக்கமாக முடிந்துவிடும், ஆனால் உன் காதுக்கும் போனுக்கும் ஜென்மப் பகை. நான் கத்தினால் இங்கே பாறையில் படுத்திருக்கும் கடல்நாய்கள் எல்லாம் பதில் சொல்லும், உனக்கு மட்டும் கேட்காது. அதனால் ஆறாம் வகுப்போடு நின்றுபோன என் கையெழுத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

கடலைப் பார்த்துவிட்டேன். "பெரிசாத்தான் இருக்கு" என்றேன். டெல்பர்ட்டுக்கு வந்ததே கோபம். "காலம் பூரா பால் வண்டி ஓட்டினவன், ஓய்வு வாங்கின கையோட உன்னைக் கடலுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன். பெரிசாத்தான் இருக்காம்!" என்கிறார். நம் ஐடஹோ உருளைக்கிழங்கு வயலும் பெரிசுதான், அதற்கு நான் கை தட்டினேனா என்று கேட்டேன். அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டு வண்டி வசதியாகத்தான் இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைக் கிளறலாம், அடுப்பைக் கிளறியபடியே கழிப்பறைக் கதவைச் சாத்தலாம். இப்படியே கடலோரமாக ஆரெகன், கலிபோர்னியா என்று தெற்கே இறங்கி, செப்டம்பரில் வீடு.

இந்த வண்டி முகாம்களில் எல்லா ஜோடிக்கும் ஒரே சட்டம். புருஷன் வண்டியைப் பின்னால் எடுப்பான், பெண்டாட்டி பின்னால் நின்று கையாட்டுவாள். சாயங்காலம் ஆனால் எல்லாரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, புதிதாக வருகிற ஜோடி எப்படி அடித்துக்கொள்கிறது என்று பார்ப்பார்கள். சினிமாவே வேண்டாம். நேற்று நாங்கள்தான் படம். நான் கையாட்டுவதை விட்டுவிட்டு, பக்கத்து வண்டிக்காரியிடம் அவள் அவுரிநெல்லிப் பணியாரத்தில் எலுமிச்சை பிழிவாளா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். மடார் என்று ஒரு சத்தம். வண்டி ஒரு மரக்கட்டை மேல் ஏறிவிட்டது. கரண்டுக்கு வைத்திருக்கும் ஜெனரேட்டரின் புகைக் குழாய் எங்கள் கட்டிலுக்கு அடியில் போகிறது. அது வளைந்து வெடித்துவிட்டது.

"உன் கையில கடிகாரத்தைக் கொடுத்தாக்கூட பின்னாலதான் போகும்" என்றார். ஆனால் கெட்டிக்காரர். ஒரு பீன்ஸ் டப்பாவைக் காலி செய்து (காலி செய்தது நான்), வெட்டிக் குழாய்மேல் சுற்றிக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். "கம்பெனிக்காரன்கூட இப்படிச் செய்ய மாட்டான்" என்று அவரே பாராட்டும் சொல்லிக்கொண்டார்.

அடுத்து ஆரெகனில் மார்லோ ஹெட் என்ற ஊர். அந்தத் தபாலாபீஸுக்கு என் பெயர் போட்டு எழுது. நான் போய்க் கேட்கும்வரை வைத்திருப்பார்கள்.

சிரித்துச் சிரித்து இளைத்துக்கொண்டிருக்கும் (பொய்),
ஓப்பல்


வீடு
ஜூன் 19, 1977

அன்புத் தங்கை ஓப்பலுக்கு,

கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான். உங்கள் உடம்பு எப்படி என்று எழுது. உன் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். தபால்பெட்டியில் குருவி கூடு கட்டிவிட்டது, அதனால் தபால்காரர் என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறார்.

புதிதாகக் கோழிக்குஞ்சு வாங்கினேன். பல்புச் சூட்டில்தான் வைத்திருக்கிறேன். அப்பா செய்தது போல அடுப்பு மூட்டி அறையைச் சாத்துகிற வேலை என் உயிருள்ளவரை கிடையாது.

டெல்பர்ட் களைத்துப்போகாமல் பார்த்துக்கொள். நாள் முழுக்க ஓட்ட விடாதே. வயதாகிறது.

பட்டனை என் பங்குக்கும் தடவிக் கொடு.

வெர்னா


மார்லோ ஹெட், ஆரெகன்
ஜூன் 30, 1977

என் செல்ல அக்கா,

கும்பிடு. நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதலாம், தலைவலியைக் கழித்துவிட்டால். கடல் காற்று மலைக்காட்டு ஜனங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பக்கத்து வண்டிக்காரி சொல்கிறாள். காலையில் எழுந்தால் மண்டைக்குள் யாரோ மாவு இடிக்கிறார்கள். கரையில் போய்க் கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடுகிறது. மதியத்துக்கு நான் பழைய ஓப்பல்தான், கேட்டுப் பார், டெல்பர்ட் அழுதுகொண்டே சொல்வார்.

கோடைக்காலம் என்று யார் சொன்னது? பனிமூட்டம் கடலிலிருந்து எழுந்து வந்து மத்தியானம்வரை வண்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. இருக்கிற ஜன்னலையெல்லாம் இறுக்கிச் சாத்தி, இடுக்குக்குத் துண்டைத் திணித்திருக்கிறோம். என் எலும்பெல்லாம் கடுக்கிறது என்று ஒரு நாள்தான் சொன்னேன், மனுஷர் ஊருக்குள் போய்க் கரண்டுப் போர்வை ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் கேட்காமல் அவர் வாங்கிக் கொடுத்தது அது ஒன்றுதான். "ராத்திரி பூரா ஜெனரேட்டர் ஓடட்டும், நீ தூங்கு" என்றார். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு சூடாக என்னிடம் பேசியதில்லை.

பட்டனுக்குக் கொழுப்பு. கட்டிலில் படுக்க மாட்டேன் என்கிறது. இருட்டியதும் கதவைப் பிறாண்டி வெளியே போய், முகாமில் போட்டிருக்கும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஈரத்தில் படுத்துக்கொள்கிறது. "உன் குறட்டைக்குப் பயந்துதான்" என்கிறார். அவர் குறட்டையைக் கேட்டு மீன்கள் கரையை விட்டுப் போய்விட்டதை நான் யாரிடம் சொல்ல?

அவருக்கு இந்த ஊர் நன்றாகப் பிடித்திருக்கிறது. கன்னமெல்லாம் சிவந்து குழந்தை மாதிரி இருக்கிறார். நேற்றுக் காப்பியில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். முகாமிலிருந்து கடைக்குப் போகிறவர் வழி தவறி, மத்தியானம் தாண்டி வந்தார். ஒரே தெருதான் இருக்கிறது இந்த ஊரில். அதற்கும் சிரித்தேன்.

வேறு விசேஷம் இல்லை.

ஓப்பல்


வீடு
ஜூலை 7, 1977

அன்புள்ள ஓப்பல்,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

டெல்பர்ட்டின் அப்பாவை உனக்கு நினைவிருக்கும். முதலில் தொப்பியைத் தேடினார். அடுத்து வழியைத் தேடினார். கடைசியில், விற்றுப் பல வருஷம் ஆன மாட்டைக் கறக்க வாளியோடு பனியில் போய் நின்றார். அப்போதும் எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். நீதான் அதிகம் சிரித்தாய்.

உப்புக் காப்பி எனக்குச் சிரிப்பாக இல்லை. அவரை ஓட்ட விடாதே. டாக்டரிடம் காட்டு. முடிந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இங்கே நான் இருக்கிறேன்.

அன்புடன்
வெர்னா


ஆரெகனில் எங்கேயோ
ஜூலை 14, 1977

வெர்னாவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல்.

மணலில் சிப்பி தோண்டக் கற்றுக்கொண்டேன். மணலில் சின்னத் துளை தெரியும், அங்கே குத்தினால் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டுக் கீழே ஓடும், விடாமல் கையை விட்டுப் பிடிக்க வேண்டும். சிப்பி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், கொஞ்சம் உப்பு. சூப் நன்றாக இருக்கும்.

இனி எந்த ஊரில் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. மெதுவாகப் போகிறோம். தபாலாபீஸ் பக்கம் போனால் போவேன். எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

ஓப்பல்


வீடு
ஜூலை 25, 1977

ஓப்பல்,

என்மேல் கோபம் இல்லை என்று எழுதியிருந்தாய். உன் கோபத்தை நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்க்கிறேன். உப்பு இல்லாத உன் கடிதத்தில் சூப்புக்கு மட்டும்தான் உப்பு இருந்தது.

நான் எழுதியது தப்பென்றால் மன்னித்துவிடு. அவரைப் பிரித்துக் கொண்டுபோய் எங்கேயும் சேர்க்கச் சொல்லவில்லை. நீ தனியாகச் சுமக்காதே என்று சொல்லத்தான் எழுதினேன்.

நீ போகிற வழியில் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் எழுதிப் பார்க்கிறேன். ஒரு வரி போதும். திட்டியாவது எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


கலிபோர்னியா எல்லை
ஆகஸ்ட் 6, 1977

மதிப்புள்ள வெர்னா அண்ணிக்கு,

டெல்பர்ட் எழுதுவது. தாங்கள் சுகமாக இருக்க வேண்டுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை, தங்களுக்கே தெரியும். ஓப்பல் கரைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் எழுதித் தபாலில் போட வேண்டும். இது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அண்ணி, அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது. முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறாள். செருப்பைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தாள். போன வாரம் என்னைப் பார்த்து, "நாம எதுக்கு இங்க வந்தோம்?" என்று கேட்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மத்தியானம் கரையில் நடந்துவிட்டு வந்தால், பழையபடி என் தொப்பையைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிறாள். சாயங்காலம்வரை நன்றாக இருக்கிறாள். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கதைதான்.

தங்கள் கடிதங்களை வாங்கி வருகிறாள், ஆனால் பிரிப்பதில்லை. மாவு டப்பாவில் போட்டு மூடிவிடுகிறாள். "அக்கா என்னடி எழுதியிருக்கா?" என்றால், "கோழி முட்டை போட்டுச்சாம்" என்கிறாள். உறை ஒட்டினபடியே இருக்கிறது. அவளுக்குப் படிக்கவே மறந்துவிட்டதோ?

அவள் சரியாகத் தூங்கட்டும் என்று ஜெனரேட்டரை இரவெல்லாம் ஓட விடுகிறேன். நாயாவது அவளுக்குத் துணையாக உள்ளே படுக்கட்டும் என்று தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினேன். அது கதவுச் சந்தில் மூக்கை வைத்துக்கொண்டு விடியும்வரை அழுதது. எனக்கும் தலை பாரமாக இருக்கிறது, கவலையாக இருக்கும். முந்தாநாள் பல் தேய்க்கும்போது விழுந்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அவளே பாவம்.

என் அப்பாவுக்கு வந்தது போல அவளுக்கு வருமா? அது ரத்தத்தில் வருவது என்பார்களே, அவள் ரத்தம் வேறுதானே?

மாத நடுவில் கலிபோர்னியாவில் கடலோரமாக எங்காவது இருப்போம். ஊர்ப் பெயர் சொல்ல வரவில்லை. நேற்று ஞாபகம் இருந்தது.

தங்கள் அன்புள்ள
டெல்பர்ட்


வீடு
ஆகஸ்ட் 11, 1977
(உறை இல்லாத கார்டு)

இந்தக் கார்டை வைத்திருக்கும் தபாலாபீஸ்காரருக்கு: அடுத்தவர் கார்டைப் படிப்பது தப்பு என்று எனக்குத் தெரியும். இதைப் படியுங்கள். ஓப்பல் என்ற பெண் தபால்தலை வாங்க வருவாள். சிவந்த தலைமுடி, ஓயாத வாய், கூடவே ஒரு காதில் மட்டும் கறுப்புப் புள்ளி உள்ள வெள்ளை நாய். கார்டைக் கையில் கொடுத்தால் பிரிக்காத கடிதங்களோடு போட்டுவிடுவாள். உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

ஓப்பல்! உன் புருஷனுக்கு மூளை கெடவில்லை. உனக்கும் கெடவில்லை. அவர் உன்னைப் பற்றிப் பயந்து எழுதியிருக்கிறார், நீ அவரைப் பற்றிப் பயந்து எழுதாமல் இருக்கிறாய். ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் ஒரே நோய் வருமா? அப்பா அடுப்பு மூட்டிச் சாத்திய கோழி அறையை நினைத்துப் பார். காலையில் குஞ்சுகள் தூங்குவது போலக் கிடந்தன. காலெல்லாம் ரோஜா நிறம். நீ ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, எவ்வளவு அழகு என்றாய். பீன்ஸ் டப்பாவுக்குள்ளிருந்து புகை கட்டிலுக்கு ஏறுகிறது. நாய்க்குத் தெரிந்திருக்கிறது. ஜெனரேட்டரை நிறுத்து. ஜன்னலைத் திற. வெளியே படு.

பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் போலீஸுக்குப் போன் போடச் சொன்னேன். கடலோரம் முழுக்க அதே மாதிரி வெள்ளை வண்டி ஆயிரம் நிற்கிறதாம், எந்த ஊர் என்று கேட்கிறார்கள். அதனால் வரைபடத்தில் கடலோரமாகப் பெயர் போட்டிருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் இதே கார்டை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெர்னா


ஷெல் கோவ், கலிபோர்னியா
ஆகஸ்ட் 19, 1977

அக்கா,

நான் நலம். அவர் உயிரோடு இருக்கிறார். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் தபால்தலை வாங்கப் போனேன். உனக்கு எழுதத்தான், சத்தியமாக. திட்டுவதற்கு நல்ல நல்ல வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தேன். பட்டனும் கூட வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு தடித்த அம்மா, பெயர் ஹாட்டி. என் தலைமுடியைப் பார்த்தாள். எட்டி நாயின் காதைப் பார்த்தாள்.

"நீ ஓப்பலா?"

"ஆமா. கடன்காரங்க யாராவது கேட்டா நான் இல்ல."

"வாயை மூடு. உன் புருஷன் எங்க?"

அக்கா, என்னை அப்படிச் சொன்ன ஒரே ஆள் நீதான். எனக்குச் சிரிப்பு வந்தது. "வண்டியில தூங்குறார். தலை பாரமா இருக்குன்னார். காலுக்குச் சூடா இருக்கட்டும்னு நான்தான் என் போர்வையைப் போர்த்திவிட்டு..."

"ஜெனரேட்டர் ஓடுதா?"

"அது ஓடாம போர்வை எப்படிச் சூடாகும்?"

அவள் உன் கார்டைப் படித்தெல்லாம் காட்டவில்லை. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து என் கையைப் பிடித்து இழுத்தாள். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "கடை மூடியாச்சு, எல்லாரும் ஓடி வாங்க" என்று கத்தினாள். ஓடும்போதுதான் கோழிக்குஞ்சு என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவளுக்கு அது கார்டில் இருந்த நாலு வரிதான். எனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டன் எங்களுக்கு முன்னால் ஓடி வண்டிக்கு வெளியே நின்று குரைத்தது. படியில் மட்டும் கால் வைக்கவில்லை.

அவர் போர்வைக்குள் மல்லாந்து கிடந்தார். அக்கா, இந்த முப்பது வருஷத்தில் அவரை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. கன்னம், காது, விரல் நுனி எல்லாம் ரோஜா. கல்யாணத்தன்று எடுத்த படத்தில்கூட அப்படி இல்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன். ஹாட்டிதான், "காலைப் பிடிடி!" என்று அதட்டினாள். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துப் புல்லில் இழுத்துப் போட்டோம். யாரோ அவர் வாயில் வாய் வைத்து ஊதினார்கள். நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, "யோவ் கிழவா, எழுந்திரு, வண்டியைப் பின்னால எடுக்கணும், நான் ஒழுங்காக் கையாட்டுறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இருமினார். அதற்கப்புறம் எனக்குச் சரியாக நினைவில்லை.

டாக்டர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, பீன்ஸ் டப்பாவைக் கையில் கொண்டுவந்து காட்டினார். கம்பி அறுந்து, டப்பா திரும்பி, வாய் நேராக எங்கள் கட்டிலைப் பார்த்துத் திறந்திருந்ததாம். என் ரத்தத்திலும் விஷம் இருக்கிறதாம். ஆனால் நான் தினமும் கரைக்கு ஓடியவள். அவர் எனக்காகப் போர்வையைச் சூடாக்கிக்கொண்டு உள்ளேயே கிடந்தவர்.

மாவு டப்பாவைத் திறந்து உன் கடிதங்களை எல்லாம் படித்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே மாவு. அவரை எங்காவது சேர்த்துவிடு என்று எழுதியிருப்பாய் என்று பயந்தேன், அதனால்தான் பிரிக்கவில்லை. போதுமா? ஒரு வரி போதும் என்று இதைத்தான் கேட்டாய்.

என்னைப் பைத்தியம் என்று உனக்கு எழுதினாராமே. எழுந்திருக்கட்டும், கவனித்துக்கொள்கிறேன்.

உன்
ஓப்பல்


வீடு
ஆகஸ்ட் 26, 1977

தங்கமே,

உன் கடிதம் வந்த அன்று முழுக்கக் கோழிக்குத் தீனி போட மறந்துவிட்டேன். சுகமாக இருக்கிறேன், நீ சுகமாக இரு.

ஹாட்டிக்கு ஒரு மூட்டை உருளைக்கிழங்கு அனுப்பியிருக்கிறேன். இன்னும் ஏழெட்டுத் தபாலாபீஸிலிருந்து எனக்குக் கடிதம் வந்துவிட்டது, உன்னைப் பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டு. ஒருவர் தினமும் கடற்கரைக்குப் போய்க் காதில் புள்ளி உள்ள நாயைத் தேடினாராம்.

அவருக்கு நினைவெல்லாம் திரும்பிவிட்டதா? டாக்டர் என்ன சொல்கிறார்? நீ அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதாமல் விடுவது உன் வழக்கம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எது எப்படி இருந்தாலும் என் வீட்டில் கீழ் அறை உங்களுக்குத்தான். படி ஏற வேண்டியதில்லை.

அக்கா


வீடு திரும்பும் வழி, நெவாடா
செப்டம்பர் 7, 1977

என் செவிட்டு அக்காவுக்கு, உன் வாயாடித் தங்கை எழுதுவது.

நலம். தலைவலி போய்விட்டது. உன் கடிதத்தைத் தபாலாபீஸ் படியிலேயே நின்று பிரித்துப் படித்தேன், பக்கத்தில் நின்றவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

புதுக் குழாய் போட்டாயிற்று. இருந்தும் ஜெனரேட்டரைத் தொடுவதில்லை. கரண்டுப் போர்வையை ஹாட்டிக்குக் கொடுத்துவிட்டேன், அவள் வீட்டில் கரண்டு கம்பத்திலிருந்து வருகிறது. ராத்திரி ஜன்னலெல்லாம் திறந்து போட்டு, ரெண்டு பேரும் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு, திருடர்கள் மாதிரி படுக்கிறோம்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். சிரிக்காதே. முகாமில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவர்தான் பின்னால் நின்று கையாட்டுகிறார். ரொம்ப அக்கறையாக, டிராபிக் போலீஸ் மாதிரி ஆட்டுகிறார். நேற்று, வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் சந்தேகப்பட்டு இறங்கிப் பார்த்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு ஜாண் தள்ளிப் பள்ளம். "ஏன்யா, என்னைத் தள்ளிவிட்டுட்டு வேற கல்யாணம் பண்ணிக்கப் பார்க்கிறியா?" என்று கேட்டேன். "உன்னை மாதிரி ஒருத்தி எங்க கிடைப்பா?" என்றார். சிரித்தோம். சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். டாக்டர் சொன்னது இதுதான். புகையால் போனது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும், பொறுத்துப் பாருங்கள். திரும்பாமல் இருந்தால், அது புகையால் போனது இல்லை. ரெண்டும் கலந்தும் இருக்கலாம், யார் பிரித்துச் சொல்ல முடியும் என்றார். அந்த டப்பாமேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அக்கா, விஷம் என்று தெரிந்தபோது எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அதை யாரிடம் சொல்வது?

இன்னொரு நல்ல விஷயம். நேற்றுச் சாயங்காலம் பட்டன் படியில் வந்து நின்றது. மூக்கை நீட்டி மோந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. அப்புறம் நேராக உள்ளே வந்து, கட்டிலில் ஏறி, அவர் காலடியில் சுருண்டு படுத்துப் பெருமூச்சு விட்டது. ஜூன் மாதத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. எந்த டாக்டரும் எந்த மெக்கானிக்கும் சொல்வதை நம்பாத நான் அதை நம்பினேன். வண்டிக்குள் இனி ஒன்றும் இல்லை.

அவர் குனிந்து அதன் புள்ளிக் காதை வெகுநேரம் நீவிக்கொண்டிருந்தார்.

"நல்ல நாய்" என்றார். கொஞ்சம் பொறுத்து என்னைப் பார்த்தார். "யாரோடது ஓப்பல்?"

"நம்மோடதுதான், கிழவா."

"அப்படியா!" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நல்லவேளை. நான் திருப்பிக் கொடுக்கணுமோன்னு நினைச்சேன்."

ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருந்தது, அக்கா.

கீழ் அறையைப் பெருக்கி வை. வந்துகொண்டிருக்கிறோம்.

ஓப்பல்